ஜாதகத்துக்கு நாழிகைக் கணக்கு. பிள்ளையின் படிப்புக்கு வெறுந்தாளா?

நமது நாட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அது பிறந்த நாழிகை, விநாடி எல்லாவற்றையும் தவறாமல் குறித்துக்கொண்டு ஓடி, சோதிடனுக்குக் கூலியும் கொடுத்து ஜாதகம் எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். ஆனால் அதே குழந்தைக்கு எத்தனையாவது மாதத்தில் தலை நின்றது, எப்போது நடந்தது, முதல் வார்த்தையை எப்போது பேசியது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு உதவுவது முன்னதா, பின்னதா என்பதை வாசகர்கள் யோசிக்க வேண்டுகிறோம்.

இந்தக் கேள்விகளை யாரும் வேலையில்லாமல் கேட்பதில்லை. ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை, எழுத்து பிடிபடவில்லை என்றால், அதற்கு என்ன உதவி வேண்டுமென்று மதிப்பிடும்போது, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் ஆஸ்பத்திரி டாக்டரும் பெற்றோரைக் கேட்கும் கேள்விகள் இவை. டாக்டர் பிள்ளையைச் சிறிது நேரமே பார்க்கிறார். பெற்றோரோ பிறந்தது முதல் பார்த்தவர்கள். அவர்கள் இடத்தை வெறுமையாக விட்டால் டாக்டர் எதைக் கொண்டு முடிவு செய்வார்?

2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. ஆட்டிசமும், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடும் அவற்றில் உண்டு. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாதென்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. இது யாரும் போடும் பிச்சையல்ல. ஆனால் தாள் எழுதாதவனுக்குச் சான்றில்லை. சான்றில்லாதவனுக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

பின் ஏன் எழுதுவதில்லை? முதற்காரணம் “தலையெழுத்து,” “பூர்வ ஜன்ம பாவம்” என்கிற பித்தலாட்டம். இந்தப் பாவத்தையும் தாயின் தலையிலேயே கட்டுகிறார்கள். தகப்பனுக்குப் பாவமே கிடையாது போலும்! இரண்டாவது, “மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும்” என்கிற பயம். பெரியவளின் கல்யாணத்துக்காகச் சின்னவனின் வாழ்வைப் பலியிடுவதுதான் கௌரவமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் சொந்தமா என்று கேட்டால் பலர் மறைக்கிறார்கள். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் குறை வருமென்பதில்லை. ஆனால் பிறவிச் செவிடு போன்ற சில பரம்பரைக் குறைகள் வர வாய்ப்பு அதிகம். டாக்டர் கேட்பது குற்றம் சாட்ட அல்ல, காரணம் தெரிந்துகொள்ள.

நிற்க, “சான்று வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமே” என்கிறார்கள். இப்போது மாத்திரம் முத்திரை இல்லையா? “மக்கு,” “மண்டு” என்று பள்ளியிலும் வீட்டிலும் தினமும் குத்துகிற முத்திரையை விடவா அது கேவலம்? பிரான்ஸ் தேசத்து ஆல்பிரெட் பினே என்பவர், தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய 1905இல் சைமன் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனை முறையை வகுத்தார். ஒருவனுடைய அறிவு கூட்டவே முடியாதபடி அளந்து வைக்கப்பட்டது என்ற எண்ணத்தை அவரே 1909இல் கண்டித்து எழுதினார். சோதனை செய்வது உதவுவதற்கே, ஒதுக்குவதற்கல்ல.

ஆகவே தோழர்களே, எழுதும்போது “மந்தம்,” “சோம்பேறி” என்று எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள். “பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்த்துச் சொன்னால் செய்கிறான்” என்று எழுதினால் காதைச் சோதிக்க வேண்டுமென்று டாக்டருக்குப் புரியும். “வாய்க்கணக்கு சரியாகச் சொல்கிறாள், எழுதினால் எழுத்து மாறிப் போகிறது” என்றால் வேறு வழி தேடுவார். பிள்ளையால் முடிவதையும் எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையையும் பழைய சீட்டுகளையும் எறியாமல் கொண்டு போங்கள். கொடுத்த தாளுக்கு நகல் வைத்துக்கொண்டு, தேதியிட்ட ரசீது கேளுங்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கூலி வேலை செய்யும் தாயை ஒரு கையெழுத்துக்காக மூன்று முறை அலைக்கழித்தால் அவள் மூன்று நாள் கூலியை இழக்கிறாள். இங்கிலாந்தில் 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி, இப்படிப்பட்ட மதிப்பீடு கேட்கும் பெற்றோருக்கு, மதிப்பீடு செய்வதா இல்லையா என்ற பதிலை 6 வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அங்கும் காலம் தவறுவதுண்டு. ஆனாலும் கெடு என்று ஒன்று இருந்தால்தானே தவறினால் கேட்க முடியும்? இங்கும் அப்படியொரு கெடுவும், எளிய தமிழில் தாளும், எழுதத் தெரியாதவருக்குச் சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும். அதுவரை, ஊரில் நாலு எழுத்துப் படித்த இளைஞர்கள் அந்த வேலையைச் செய்யட்டும். ஒரு தாய்க்கு ஒரு தாள் எழுதிக் கொடுப்பது, மேடையில் பேசும் பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.