கடன் போச்சு, கறை போகலை

மழை பொய்ச்ச வருசம் டிராக்டர் கடன் நின்னுபோகும். சில வருசம் கழிச்சு பேங்க்ல, "பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்"னு சொல்வாங்க. சம்சாரியும் நகையை வித்துக் கட்டிட்டு நிம்மதியாத் தூங்குவார். ஆனா சிபில் அறிக்கையில 'க்ளோஸ்டு'ன்னு வராது, 'செட்டில்டு'ன்னு வரும். முழுசாக் கட்டாதவர்னு அர்த்தம். பிள்ளை படிப்புக்கு லோன் கேட்டுப் போறப்பதான் அது தெரியவரும். கையெழுத்து வாங்குறப்பவே இதை பேங்க்காரங்க விளக்கிச் சொல்லணும்ங்கிறதுதான் என் கட்சி.

பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்க, ஊர்ல இருக்கிற அப்பாவோட அறிக்கையை வருசம் ஒருதரம் இலவசமா எடுத்துப் பாருங்க. மிச்சத்தைக் கட்டினா 'க்ளோஸ்டு'ன்னு மாத்துவாங்களான்னு கேளுங்க. கட்டினா, நோ டியூ சர்ட்டிபிகேட் வாங்காம வராதீங்க. தப்பான பதிவுன்னா புகார் கொடுங்க. 30 நாள்ல தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு.