பாம்புக் கூண்டுக்குப் போகும் தென்னை நார்க்கழிவில் மரத்தூள் கலக்கலாமா?

கேள்வி: ‘‘மூன்று ஏக்கரில் தென்னை இருக்கிறது. சிறிய அளவில் நார்க்கழிவுக் கட்டி போட்டு நர்சரிகளுக்குக் கொடுத்து வருகிறோம். வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கும் பாம்புகளுக்குப் படுக்கையாகப் போட, 650 கிராம் கட்டி வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் கேட்கிறார். ‘மரக்கடைத் தூளைக் கால் பங்கு கலந்தால் செலவு குறையும். யாருக்கும் தெரியாது’ என்றும் சொல்கிறார். ஊரில் கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். இது உண்மைதானா, மரத்தூள் கலக்கலாமா?’’

- ஒரு வாசகர், ஆனைமலை.

பதில்: ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைக் கேட்கக் கூடாது.

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற விஷமில்லாத பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் நிறைய பேர். அந்தப் பெட்டியின் தரையில் எதையாவது பரப்பியாக வேண்டும். செய்தித்தாள், ஆஸ்பென் மரச் சீவல், தென்னை நார்க்கழிவு ஆகியவை வழக்கத்தில் உள்ளன. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்து, மெதுவாக வெளியே விடும். அதனால்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள். உலர்ந்த தரையை விரும்பும் கார்ன் ஸ்நேக்குக்குப் பெரும்பாலும் மரச் சீவல் போடுவார்கள்.

‘அவர்களே மரச் சீவல் போடும்போது, நாம் மரத்தூள் கலந்தால் என்ன?’ என்று தோன்றலாம். ஆஸ்பென் வாசனை எண்ணெய் இல்லாத மரம். தூசியைச் சலித்து நீக்கிய பிறகுதான் அதன் சீவல் விற்பனைக்கு வருகிறது. மரக்கடைத் தூள் அப்படிப்பட்டது கிடையாது. பைன், தேவதாரு, தேக்கு, பிளைவுட் எல்லாம் ஒரே ரம்பத்தில் அறுபட்டு, ஒரே மூட்டையில் சேர்கின்றன. பைன், தேவதாரு வகை மரங்களின் வாசனை எண்ணெய் மூடிய பெட்டிக்குள் தேங்கி நின்று மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பிளைவுட் தூளில் பசையும், கரையான் மருந்தும் இருக்கும்.

பெரும்பாலான பாம்புகளுக்கு ஒரு நுரையீரல்தான் முழுமையாக வேலை செய்யும். நமக்கு இருப்பதுபோல உதரவிதானமும் கிடையாது. அதனால் உள்ளே சேர்ந்த சளியை இருமித் தள்ள முடியாது. இரவும் பகலும் வயிறு முழுக்கத் தரையில் பட, அந்தக் காற்றையே சுவாசித்துக் கிடக்கும் உயிர் அது. ஆட்டுக்குக் கலப்படத் தீவனம் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும்.

‘யாருக்கும் தெரியாது’ என்பதும் தவறு. கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தவுடன் நிறத்திலும் வாசனையிலும் தெரிந்துவிடும். சரக்கு திரும்பினால் நஷ்டம் ஏஜென்ட்டைவிட உற்பத்தி செய்தவர் தலையில்தான் விழும்.

இந்த ஆர்டரை எடுப்பதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

மக்கவைத்தது வேண்டாம்: யூரியாவும் காளான் வித்தும் போட்டு மக்கவைத்த நார்க்கழிவு, நிலத்துக்கு நல்ல உரம். பாம்புப் பெட்டிக்கு ஆகாது. நர்சரிக்காகக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்ததையும் இதோடு சேர்க்கக் கூடாது. எதுவும் சேர்க்காத, நல்ல தண்ணீரில் கழுவிய நார்க்கழிவுதான் வேண்டும்.

உப்பு: தரமான நர்சரிகள் கேட்கும் 0.5 மில்லிசீமன்ஸுக்குக் குறைவான ஈ.சி. அளவையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அளவு இறங்காது. முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கழுவிய தண்ணீரை ஓடையிலோ, கிணற்றுப் பக்கமோ விட்டால் அக்கம்பக்கத்துத் தண்ணீர் நிறம் மாறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி விஷயத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தூசி: கழுவிக் காயவைத்த பிறகு சலித்து, மாவுபோன்ற தூளையும் நீள நாரையும் நீக்க வேண்டும். தூள் மூச்சில் ஏறும். நீள நார் இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

களம்: கோழி, நாய், எலி நடமாடும் களத்தில் காயவைக்கக் கூடாது. எச்சத்தோடு கிருமியும் உண்ணியும் சேரும். சிமென்ட் தளமும் சுற்றிலும் வலையும் இருப்பது நல்லது. ஈரம் மிச்சமிருக்கும்போது கட்டி போட்டால், கப்பலில் போகும்போதே பூஞ்சணம் பிடித்துவிடும்.

உறையில் எழுத வேண்டியது: 650 கிராம் கட்டிக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 8 முதல் 9 லிட்டர் வரை உதிரியாகக் கிடைக்கும். கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது, விட்டால் உதிர வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமாகப் பரப்பினால் பாம்பின் வயிற்றுச் செதிலில் கொப்புளம் கண்டு அழுகும். இந்தக் குறிப்பை உறையில் அச்சிட்டால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

நர்சரிச் சந்தையை விட இந்தச் சந்தை சிறியது. அதனால் இருக்கும் நர்சரி வாடிக்கையாளர்களை விட்டுவிட வேண்டாம். எழுத்தில் ஆர்டரும் முன்பணமும் வந்த பிறகு, ஒரு சிறு தொகுதி மட்டும் அனுப்பிப் பார்க்கலாம்.

கடைசியாக, வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வளர்க்கிறார்கள் என்று நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வைத்தால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை இங்கே வைத்திருப்பவர்களும் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். நார்க்கழிவுக் குவியலில் எலி சேரும். எலியைத் தேடி நல்ல பாம்பும் வரும். குவியலில் கை வைக்கும் முன் குச்சியால் கிளறிப் பார்ப்பது நல்லது. பாம்பைக் கண்டால் அடிக்காமல், ஒதுங்கி நின்று வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.