முன்கண்ணாடிக்குப் பணம் கொடுப்பவர் யார்?

“கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் ஸார், அது இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு” என்ற வாக்கியத்தை, கார் வாங்கிய நாள் முதலாகப் பாலிசியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும், ஏஜெண்டுகளும் ஒர்க்‌ஷாப்காரர்களும் மாறி மாறி எனக்கு உபதேசித்து வந்திருக்கிறார்கள். ஏழெட்டு வருஷங்களாக அதைப் பொறுத்துக்கொண்டிருந்த நான், சென்ற மாதம் பெரம்பலூரைத் தாண்டித் தார்ப்பாய் மூடாத ஒரு ஜல்லி லாரியின் பின்னால் போகையில், என் காரின் முன்கண்ணாடியில் ‘டக்’கென்று ஒரு கல் வந்து விழுந்த பிறகு, இனியும் மறுப்பு எழுதாமலிருப்பது தகாதென்று தீர்மானித்தேன்.

அவர்களுடைய இன்னொரு உபதேசம், வெயில்தான் கண்ணாடியை உடைக்கிறதாம். குறையற்ற கண்ணாடியைச் சாதாரண வெயில் உடைப்பதில்லை. முன்பே பட்ட காயத்தைத்தான் அது வளர்க்கிறது. அன்று விழுந்தது கடுகளவுப் புள்ளி. மறுநாள் நண்பகலில், வெயிலில் கொதித்து நின்ற வண்டியில் ஏறி ஏஸியைப் போட்டுச் சில நிமிஷங்கள் ஆகுமுன், உட்புறம் குளிர்ந்தும் வெளிப்புறம் சுட்டுக்கொண்டும் இருந்த கண்ணாடியில், அந்தப் புள்ளியிலிருந்து ஒரு மயிரிழை புறப்பட்டு என் கண்ணெதிரே ஒரு சாண் நீளம் ஓடிற்று. நடுவே பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியாதலால் சிதறி முகத்தில் விழவில்லை. 1909-இல் அந்த யுக்திக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சு நிபுணர் எதுவார் பெனடிக்டுஸை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

செலவே இல்லை என்பதும் பொய். 1,500 ஸி.ஸி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம்முடையது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கோ முழுத் தொகையும் கைப்பணமே.

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பது மெய். அதை உரக்கச் சொல்லுகிறவர்கள் நோ கிளெய்ம் போனஸைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதுதான் என் மனத்தைப் புண்படுத்தும் விஷயம். ஐந்து வருஷம் கிளெய்ம் கேளாதவருக்குச் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதம் கழிவு உண்டு. ஒரே ஒரு கண்ணாடிக்காகக் கை நீட்டினால், அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யமாகி, அதன் பிறகு 20, 25, 35, 45 என்று வருஷத்துக்கு ஒரு படியாக ஏறித்தான் மீண்டும் 50-ஐத் தொடும். அந்தப் பிரீமியம் 10,000 ரூபாயென்றும், கணக்கின் சௌகரியத்துக்காக அது மாறவில்லையென்றும் கொண்டால், நஷ்டம் 5,000, 3,000, 2,500, 1,500, 500, ஆகக் கூடுதல் 12,500 ரூபாய். 9,000 ரூபாய்க் கண்ணாடிக்குக் கம்பெனி தருவதோ 8,000. போனஸைக் காக்கத் தனிச் சேர்க்கை இருக்கிறதே என்பார்கள். அதற்கும் தனிப் பிரீமியம் கட்டுகிறவர் நாம்தான்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு என் ஏஜெண்டிடம் காட்டினேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, “கையிலிருந்தே கொடுத்துவிடுங்கள் ஸார்” என்றார். கொடுத்தேன். ஜல்லியை மூடாமல் ஏற்றிச் சென்றவர் மட்டும் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அன்று எழும்பிய புழுதியில் அவர் லாரியின் நம்பரைக்கூட என்னால் படிக்க முடியவில்லை.