புத்தகம் இருக்கு, பேருதான் வேற!

போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் ‘புத்தகம் படிப்பதன் நன்மைகள்’ என்று எழுதியிருந்தார். நன்றாக இருந்தது. ஆனால் படிப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகம் நம் கண்ணில் பட வேண்டுமே! அதைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல் இருக்கிறது. கையில் வில்லோடு ஒருவர் நிற்கிற மாதிரி செதுக்கியிருக்கும். பொங்கலுக்கு அதற்குப் பொட்டு வைத்துப் படையல் போடுவோம். எங்க பாட்டிக்கு அது வேடியப்பன் சாமி. சமூக அறிவியல் டீச்சர் ‘நம் ஊர் வரலாறு’ என்று செயல்திட்டம் கொடுத்தபோது நான் அந்தக் கல்லைத்தான் எடுத்துக்கொண்டேன். “அது நடுகல்லும்மா. மாடு கவர வந்தவங்களோட சண்டை போட்டு இறந்த வீரனுக்கு வச்சதா இருக்கும். நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நிறைய இருக்கு. புத்தகம் ஏதாவது கிடைக்குதான்னு தேடிப் பாரு” என்றார் டீச்சர்.

எங்கே தேடுவது? பெரியம்மா பொண்ணு காலேஜில் படிக்கிறாங்க. அந்த அக்கா, “பல்கலைக்கழக நூலகத்துல என்னென்ன புத்தகம் இருக்குன்னு பட்டியலை போன்லயே பார்க்கலாம், அதுக்குக் காசு வேண்டாம்” என்று சொன்னாங்க. இரண்டு மூன்று பட்டியல்களைத் திறந்து ‘வேடியப்பன்’ என்று அடித்தோம். ஒன்றும் இல்லை. ‘நடுகல்’ என்று அடித்தோம். அதுவும் இல்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற என் தோழி, “எங்க பாட்டி வீரகல்லுன்னு சொல்லுவாங்க, அதைப் போட்டுப் பாரு” என்றாள். கிடைக்கவில்லை. கடைசியில் பாட்டி சொன்னதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு ஐந்து மார்க்.

அரையாண்டு லீவில் அந்த அக்கா வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவங்க காலேஜ் நூலகரிடம் கேட்டிருக்கிறாங்க. புத்தகம் இருந்திருக்கிறது! ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972-லேயே தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. இரா. நாகசாமி பதிப்பித்தது. செங்கம் ஒன்றும் தூர தேசம் இல்லை, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம்தான்.

அப்புறம் ஏன் எங்களுக்குக் கிடைக்கவில்லை? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரு விதி இருக்கிறதாம். நாங்கள் ‘நடுகல்’லை ஆங்கிலத்தில் அடித்தபோது ‘டாடி’யில் வருகிற எழுத்தைப் போட்டோம். அவர்கள் ‘டீச்சர்’ல வருகிற எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். ‘கதை’ என்று எழுத நாம் நடுவில் ஒரு ‘எச்’ சேர்ப்போம், அவர்கள் சேர்ப்பதில்லை. இதைவிட வேடிக்கை, நம்ம ஓசூர் அங்கே ஓ, சி, யு, ஆர்! ஓசூர், ஒசூர், ஹோசூர் என்று நாமே மூன்று விதமாக எழுதுகிறோம், இது நான்காவது.

தமிழில் அடித்தும் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லையாம். இருக்கிற இடத்திலும் இன்னொரு வம்பு. புத்தகத்தின் பெயர் ‘நடுகற்கள்’, நான் அடித்தது ‘நடுகல்’. தமிழ் ஐயா நடத்திய புணர்ச்சி ஞாபகம் வருகிறதா? ‘ல்’ போய் ‘ற்’ வந்துவிட்டது. நமக்கு அது தெரியும், கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ‘நடுக’ வரைக்கும் அடித்து ஒரு நட்சத்திரக் குறி போட்டால் பல பட்டியல்களில் இரண்டும் வரும் என்று அக்கா காட்டினாங்க. (இதை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் உதவும்.)

அமெரிக்காக்காரர்களைத் திட்ட நான் இதை எழுதவில்லை. நம் புத்தகம் அங்கே போன கதையே ஆச்சரியமாக இருந்தது. நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் பி.எல். 480 என்ற சட்டப்படி அமெரிக்கா கோதுமை கொடுத்தது. அந்த விலையை இந்தியா ரூபாயாகவே கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பகுதியில் 1962-லிருந்து இங்கே அச்சான புத்தகங்களை வாங்கி சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோதுமை இங்கே வந்தது, தமிழ்ப் புத்தகம் அங்கே போனது! அந்தக் காலக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து, தேவையான இடத்தில் புள்ளியும் கோடும் என்று வைத்தால் பெயரை மாறாமல் திரும்பத் தமிழில் எழுதலாம். அது புத்திசாலித்தனம்தான். ஆனால் இன்றைக்கு என் பாட்டி போனிலேயே தமிழ் வருகிறதே! இன்னும் எதற்கு டாடி, டீச்சர் என்று தடுமாற வேண்டும்?

எங்க அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்கிறார். அங்கே ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கார்டு தொங்குமாம். ஒரே போல்ட்டை சப்ளையர் ஒரு பேர் சொல்லுவார், லைனில் இருப்பவர்கள் வேறு பேர் சொல்லுவார்கள், வடநாட்டு அண்ணன்கள் இன்னொரு பேர். “எந்தப் பேர் சொன்னாலும் எடுத்துக் குடுக்கணும், இல்லைன்னா லைன் நின்னுடும்” என்பார். நூலகப் பட்டியலும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

இதற்கு வழி கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். புத்தகங்களைப் பிரித்து அடுக்க ஒரு முறையை 1933-லும், பட்டியல் எழுதுவதற்கு விதிகளை 1934-லும் வெளியிட்டார். படிக்க வருகிறவருடைய நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கைகளில் ஒன்று. அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டாவது பெயருக்கும் ஒரு அட்டை வைத்து ‘இன்னதைக் காண்க’ என்று எழுதுவார்களாம். ‘வேடியப்பன் – நடுகல் காண்க’ என்று ஒரே ஒரு அட்டை இருந்திருந்தால் என் செயல்திட்டம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்திருக்காது.

என் கருத்து இதுதான். தமிழ்ப் புத்தகத்தின் பெயர் எந்த நாட்டுப் பட்டியலிலும் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பொருளை ஊர்க்காரர்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதுவும் பக்கத்தில் வேண்டும். “ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு யுனிவர்சிட்டி பட்டியல் எதுக்கு?” என்று எங்க மாமா சிரித்தார். கல் எங்க ஊரில் இருக்கிறது மாமா, யுனிவர்சிட்டியில் இல்லை! அதைப் பற்றி அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் தமிழிலேயே அடித்துத் தேடலாம், பழைய புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம். அந்த மாதிரி மற்ற இடங்களிலும் செய்யலாமே.

ஊருக்குச் சொல்லும்போது நம்ம வகுப்பறைப் பின்னால் இருக்கும் அலமாரியையும் சொல்லிவிடுகிறேன், தலைமை ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதில் என்ன புத்தகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதி வைத்தால்தானே தெரியும்? 200 பக்க நோட்டு ஒன்றும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு அலமாரிச் சாவியும் கொடுத்தால் நானும் என் தோழியும் பட்டியல் எழுதித் தருகிறோம். வீட்டில் தெலுங்கு, உருது பேசுகிறவர்களும் வந்தால் நல்லது. ஒரு புத்தகத்தை நீங்கள் என்ன பேர் சொல்லிக் கேட்பீர்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வோம். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் அடியில் பென்சிலால் எழுதுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி