தழும்பு சொல்லும் பாடம்

லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் பலரின் தோளில் பி.சி.ஜி. தழும்பு உண்டு. 13 ஆண்டுகள் பொறுமையுடன் வலுக்குறைக்கப்பட்ட உயிர்க்கிருமியாலான அத்தடுப்பூசி, 1921இல் இதே பாரிசிலேதான் முதன்முதலில் மனிதருக்கு வழங்கப்பட்டது.

பாலுறுப்பு ஹேர்ப்பீசுக்கும் மரபணு மாற்றி வலுக்குறைத்த வைரசைத் தடுப்பூசியாக்க அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹல்போர்ட் முனைந்தார். எண்ணம் தவறன்று, வழியே தவறு. 2016இல் சென். கிட்ஸ் தீவில், அறநெறிக் குழுவின் கண்காணிப்பின்றி நோயாளருக்கு அதனை ஏற்றினார்.

15 முதல் 49 வயது வரையானோரில் 84 கோடிப் பேருக்கு இத்தொற்று உள்ளதென உலக சுகாதார நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது. ஆயினும் வெட்கம் வாயடைக்கிறது. வெளியே சொல்லவியலா நோயே மனிதரைக் குறுக்குவழி ஊசிக்குக் கையேந்த வைக்கிறது. மௌனம் கலைந்தாலன்றி நேர்மையான ஆய்வு விரைவுபெறாது.