கச்சேரி நின்றாலும் அடுப்பு எரியட்டும்

மும்பை மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு,

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது ராம நவமிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று உறுதியானது. அந்த ஊரடங்கில் மாட்டுங்காவின் ராம நவமிக் கச்சேரிகள், செட்டா நகர் முருகன் கோயிலின் பங்குனி உத்திரம், சித்திரை வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. ஆடியில் கல்யாணம் கிடையாது. மழை பிடித்துவிட்டால் வெளிமேடையும் கிடையாது. பங்குனி முதல் ஆனி வரை வாசித்துச் சேர்ப்பதை வைத்துத்தான் நாகஸ்வர, தவில் குடும்பங்கள் ஆடியைக் கடக்கும். அந்த வருஷம் பங்குனியிலேயே ஆடி வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயில்கள் 2020 நவம்பர் 16 அன்று திறந்தன. அடுத்த ஏப்ரலில் மறுபடி மூடின. கல்யாணம் என்றால் 25 பேர், இரண்டு மணி நேரம் என்று மகாராஷ்டிர அரசு விதி போட்டது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்றால் அதிலேயே ஐந்து பேர் போய்விடும். எந்த வீட்டிலும் அத்தையையும் சித்தப்பாவையும் விட்டுவிட்டு மேளத்தைக் கூப்பிட மாட்டார்கள். கெட்டிமேளம் கைபேசியில் ஒலித்தது. 2021 அக்டோபரில்தான் கோயில்களும் அரங்குகளும் திரும்பத் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கும் மேல்.

அந்தக் காலத்தில் எல்லா இசைக்கலைஞர்களும் ஒரே மாதிரி கஷ்டப்படவில்லை. பாட்டு, வயலின் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஜூம் வகுப்பு இருந்தது. அமெரிக்காவிலிருந்துகூட மாணவர்கள் சேர்ந்தார்கள். பக்கவாத்தியத்தை மட்டுமே நம்பியவருக்கு அந்த வழி குறைவு. தவில்காரருக்கு இன்னும் குறைவு. தாராவியின் பறை, நையாண்டி மேளம், பேண்டு செட்டுக் கலைஞர்களுக்கு அறவே இல்லை, ஏனென்றால் அவர்களுடைய மேடை தெருவும் கூட்டமும்தான், இரண்டுக்கும் தடை. வாசிக்காமல் கிடக்கும் வாத்தியத்துக்கும் செலவு உண்டு. மும்பை மழையில் தோல் தளர்ந்துவிடும். மிருதங்கத்துக்கு மூட்டு மாற்ற வேண்டும், தவிலுக்கு வார் இழுத்துக் கட்ட வேண்டும், நாகஸ்வரத்துக்குச் சீவாளி தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும்.

சபாக்காரர்களும் ரசிகர்களும் நல்லவர்கள். அரிசிப் பையும் மருந்தும் கொண்டுவந்து கொடுத்தவர்களை நாங்கள் மறக்கவில்லை. சென்னையில் டி. எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை கோவிட் நிதி திரட்டி, மேடையில் பெயர் சொல்லப்படாத கலைஞர்கள் வரை கொண்டுசேர்த்தது. ஆனாலும் கைநீட்டி வாங்கும்போது வித்துவானின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த முறை அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் நல்ல காலத்திலேயே சில காரியங்களைக் கேட்கிறோம்.

நம்மால் முடியாத காரியம் இல்லை. 1990இல் சண்முகானந்தா அரங்கம் தீயில் எரிந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு அதை மறுபடியும் எழுப்பினார்கள். இன்று ஏறத்தாழ 2,700 இருக்கைகளோடு கிங்ஸ் சர்க்கிளில் நிற்கிறது. கட்டடத்துக்காக அவ்வளவு பாடுபடத் தெரிந்த நமக்கு, அதற்குள் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்காகவும் பாடுபடத் தெரியும்.

முதலில் முன்பணம். கல்யாண மண்டபத்துக்குக் கட்டிய பணம் திரும்பாது என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறோம். மேளத்துக்குக் கொடுத்ததை மட்டும் திருப்பிக் கேட்கிறோம். வாசிக்காத கச்சேரிக்கு எதற்குப் பணம் என்று கேட்கலாம். அந்தத் தேதிக்காக அவர் வேறு இரண்டு முகூர்த்தங்களை விட்டிருப்பார். பேசிய தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். வெள்ளமோ நோயோ வந்து நிகழ்ச்சி நின்றால் அது அவருடையதாகவே இருக்கட்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கும் மேளக் குழுவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கிலேயே யுபிஐ மூலம் போடுங்கள்.

அப்படிப் போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. 2021இல் மகாராஷ்டிர அமைச்சரவை கலைஞர்களுக்குத் தலா 5,000 ரூபாய் உதவி அறிவித்தது. இப்படி உதவி வரும்போதெல்லாம் நீ கலைஞன் என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வியும் கூடவே வரும். முப்பது வருஷம் வாசித்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. தமிழ்நாட்டில் இருக்கும் கலைஞர் நல வாரியமோ அங்கே இருப்பவர்களுக்கு. ஆகவே கணக்கில் போடும் பணமே ஒரு சான்றாகட்டும். அதோடு அழைப்பிதழில் தாளக்காரர் வரைக்கும் பெயர் போடுங்கள், ரசீது கொடுங்கள். படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு வந்து, 16 முதல் 59 வயது வரை உள்ள கலைஞர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துகொடுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் போதும்.

சொந்தமாகப் பாட்டு எழுதும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2018இல் வந்த 'காலா' படத்தில் தாராவியின் டோப்அடெலிக்ஸ் ராப் குழுவின் குரலை நாடே கேட்டது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு கொடுக்கிறது. அதை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் நம்ம மும்பையில்தான் இருக்கிறது. கொரோனா காலத்தில் தன் உறுப்பினர்களுக்கு நிதியும் கொடுத்தது. உறுப்பினராகச் சேருங்கள்.

சபாக்களுக்கு: நெருக்கடியில் கலைஞர்களுக்கு உதவ, ஒவ்வொரு டிக்கெட்டிலும் பத்து ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அதில் ரசிகர் ஒருவரும் கலைஞர் ஒருவரும் கையெழுத்திடட்டும். கச்சேரியைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினால் மேடையில் இருந்த எல்லோருக்கும் தனியாக ஊதியம் கொடுங்கள். அரங்கம் மூடிக் கிடக்கும் நாளில் வரும் ஒரே வருமானம் அதுவாக இருக்கலாம்.

நோய் போய்விட்டது, நெருக்கடி போகவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறிய தரைத்தள வீட்டுக்காரர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களும் பிறகு வந்தவர்களும் எங்கே போவார்கள்? கோயில் கொடைக்கும் சாவுக்கும் கூப்பிட்ட குரலுக்கு நாலு சந்து தாண்டி வந்த பறைக் குழு, ஊர் சிதறிய பிறகு யார் கூப்பிட்டு எங்கே வரும்? அடுக்குமாடியில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்ச முடியுமா? பள்ளிகளும் சங்கங்களும் கோயில் டிரஸ்டுகளும் வாரத்தில் இரண்டு மாலை உங்கள் முற்றத்தையோ கூடத்தையோ இவர்களுக்குப் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். மாட்டுங்கா, செம்பூர் வீட்டு விசேஷங்களுக்கும் தாராவிக் குழுக்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மேளம் பேசும்போதே முன்பண விதியைத் தாளில் எழுதுங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பத்து ரூபாய்க் கணக்கைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். உறுப்பினர் என்ற முறையில் எழுந்து கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இங்ஙனம்,
மாட்டுங்கா, தாராவி, செம்பூர் இசைக்கலைஞர்களும் ரசிகர்களும்