விஞ்ஞானச் சாளரம்: வெப்பத்துக்கும் நிறம் உண்டு



மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் கால் வைத்ததும் பல இடங்களில் மின்விளக்கு தானாகவே எரிகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனால், காதுக்குள் ஒரு சிறு கருவியை வைத்து ஒரு செக்கனில் வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறார். இவை இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே இனத்து உணரிதான். நம் உடலிலிருந்து எந்நேரமும் வெளியேறும், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க் கதிர்களை அது உணர்கிறது.

இக்கதிர்களை 1800ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வில்லியம் ஹேர்ஷல். ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். சூரிய ஒளியை அரியத்தினூடாகச் செலுத்தி நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது.

அடுத்தவர் மசெடோனியோ மெலோனி. இத்தாலியின் பார்மா நகரில் பேராசிரியராக இருந்தவர். 1831இல் அரசியல் கிளர்ச்சியை அடுத்து ஊரைவிட்டுத் தப்பி, பிரான்சில் தஞ்சம் புகுந்தார். இரு வேறு உலோகங்களைப் பொருத்தி, அப்பொருத்து சூடாகும்போது பிறக்கும் சிறு மின்னைக் கொண்டு வெப்பக் கதிரை அளக்கும் கருவியை, நொபிலி என்பவருடன் சேர்ந்து செம்மைப்படுத்தினார். கண்ணாடித் துண்டு, சுவாலையின் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கடக்கவிட்டது. கொதிநீர்ப் பாத்திரத்தின் வெப்பத்தைத் தடுத்தது. பாறையுப்போ இரண்டையும் கடக்கவிட்டது. ஒளியைப் போலவே வெப்பத்துக்கும் 'நிறங்கள்' உண்டு என்று மெலோனி முடிவுகட்டினார். நிறம் என்று அவர் சொன்னதை நாம் இன்று அலைநீளம் என்கிறோம்.

இந்த நிறங்களைப் பிரித்து அறிவதால் என்ன பயன்? பல வாயுக்கள் தத்தமக்குரிய நிறங்களை மட்டும் விழுங்குகின்றன. காபனீரொட்சைட்டு 4.26 மைக்றோமீற்றரில் விழுங்கும். உயிர்கொல்லியான காபனோரொட்சைட்டு 4.7 மைக்றோமீற்றர் அளவில் விழுங்கும். மனித உடலின் வெப்பம் 9 முதல் 10 மைக்றோமீற்றர் அளவில் மிகுந்திருக்கும். ஒரு மைக்றோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறம் தெரிந்தால் நச்சு வாயு எது, தீச்சுவாலை எது, மனிதர் எவர் என்று பிரித்தறியலாம்.

இதிலே ஒரு சிக்கல். நிறத்தைத் தெரிந்தெடுத்து உணரும் நுட்பமான உணரிகளிற் பல, −196 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரூட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அவற்றின் பாரமும் அதிகம், விலையும் அதிகம். குளிரூட்டத் தேவையில்லாத மலிவான உணரியோ தான் சூடாவதை மட்டுமே அறியும். எந்த நிறத்தால் சூடானேன் என்று அதற்குத் தெரியாது. ஆகவே அதன் முன்னே நிறவடிகட்டி பொருத்துகிறார்கள். நிறத்துக்கொரு வடிகட்டி தேவைப்படுவதால், பல நிறங்களை ஒரே சில்லில் அடக்குவது கடினம்.

யப்பானில் மிற்சுபிசி இலெக்ரிக் நிறுவனத்தின் சின்பேய் ஒகாவா, ரிற்சுமெய்க்கான் பல்கலைக்கழகத்தின் மசபூமி கிமாத்தா முதலியோர் 2012இல் வேறொரு வழியைக் காட்டினார்கள். உணரியின் மேற்பரப்பில் பொன்பூச்சு இட்டு, அதில் வரிசை வரிசையாக நுண்ணிய குழிகளை அமைத்தார்கள். பளபளப்பான பொன் சாதாரணமாக இக்கதிர்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் குழிகளின் இடைவெளிக்கு ஏறக்குறையச் சமமான அலைநீளம் வந்தால் கதை வேறு. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்வதுபோல, பொன்னின் மேற்பரப்பிலுள்ள இலத்திரன்கள் அக்கதிருடன் சேர்ந்து ஆடுகின்றன. அந்த நிறம் மட்டும் விழுங்கப்பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை, மெலோனியின் பழைய முறையிலேயே, பொருத்துகள் மின்னாக்குகின்றன.

குழிகளின் இடைவெளியை மாற்றினால் உணரும் நிறமும் மாறும். ஆகவே ஒரே சில்லில் பக்கத்துப் பக்கத்தில் பல நிறங்களுக்கான உணரிகளைக் குளிரூட்டாமலே அமைக்கலாம். இயற்கையில் இல்லாத இயல்பைப் பொருளின் வேதியியலால் அல்லாமல் அதன் நுண் வடிவத்தால் பெறுகின்ற இத்தகைய அமைப்புகளை மெற்றாமெற்றீரியல் என்பார்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; நம் கண்ணோ மூக்கோ அதைக் காட்டித்தராது. வீட்டுச் சுவரில் மாட்டும் எச்சரிக்கை மணிகள் பெரும்பாலும் இரசாயன முறையில் இயங்குபவை, கடைகளில் வாங்கலாம். புதிய தொழில்நுட்பம் வரட்டும் என்று காத்திராமல் ஒன்றை வாங்கி, படுக்கையறைக்கு அருகே மாட்டுங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். எவ்வளவு குளிரானாலும் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். மணி ஒலித்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.